அந்த மேனேஜரிடம் நேரில் கேட்டுவிடலாமா?

கேள்வி இதுதான். ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நான்கு வருடம் பத்து மாதம் வேலை பார்த்தவர் கேட்கிறார். காலை எட்டரை மணி மீட்டிங்கில் அவருடைய மேனேஜர், ரிஜெக்ட் ஆன பாகத்தை அவர் கையில் கொடுத்து, மீட்டிங் முடியும்வரை எல்லோரும் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு நிற்க வைப்பாராம். சில நாள் அது நான்கு கிலோ வார்ப்பு. அப்பா ஐசியூவில் கிடந்தபோது லீவு கேட்டதற்கு, "நீ போய் என்ன ஆபரேஷனா பண்ணப்போறே?" என்று கேட்டிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமையே அப்பா போய்விட்டார். 2022 கடைசியில் இவர் வேலையை விட்டார். "அஞ்சு வருஷம் முடியல, கிராஜுவிட்டி எல்லாம் கிடையாது" என்று, வேலையை விடும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடையை மறுத்து அனுப்பியதும் அதே மேனேஜர்தான். இப்போது இவருக்கு வேறு கம்பெனியில் நல்ல பதவி. அடுத்த மாதம் காஞ்சிபுரத்தில் பழைய சகா ஒருவரின் கல்யாண வரவேற்பு, மேனேஜரும் வருகிறார். "நேருக்கு நேர் கேட்டால்தான் எனக்கு ஆறும். மனைவி வேண்டாம் என்கிறாள். கேட்கலாமா?"

இருபத்தாறு வருடம் அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் எச்.ஆர். வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பதற்கென்றே கிளம்பிப் போகாதீர்கள். ஆனால் அவராக எதிரே வந்து தோளில் கை போட்டால், பல்லைக் காட்டிவிட்டும் வராதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு கதை. இதில் நான்தான் அந்த மேனேஜர்.

2016-இல், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டீக்கடை. சாயங்காலம். முப்பது வயசுக்கு மேல் ஒருவர் வந்து, "சார், என்னை ஞாபகம் இருக்கா?" என்றார். எச்.ஆர். ஆட்களுக்கென்று ஒரு சிரிப்பு உண்டு, அதைச் சிரித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது, ஞாபகமில்லை என்று. அவரே சொன்னார். 2007-இல் எங்களிடம் டிரெய்னியாக இருந்தாராம். வேறு இடத்தில் வேலை கிடைத்து, ரிலீவிங் லெட்டர் கேட்டு வந்தவரைக் காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை என் கேபின் வாசலில் உட்கார வைத்தேனாம். ஆறு மணிக்கு வெளியே வந்து, "திங்கட்கிழமை வாப்பா" என்றேனாம். அப்படி மூன்று திங்கட்கிழமை. அதற்குள் புதுக் கம்பெனி வேறு ஆளை எடுத்துவிட்டது. அப்புறம் ஏழு மாதம் சும்மா இருந்திருக்கிறார். அதற்குள் தங்கை கல்யாணம் ஒன்று தள்ளிப்போயிருக்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "எந்த பேட்ச் நீங்க?" என்று கேட்டேன். அப்புறம், "அப்போ மேனேஜ்மென்ட் பிரஷர் அப்படி, நம்ம கையில என்ன இருந்தது" என்றேன். இரண்டுமே தானாக வாயில் வந்தவை. அவர் டீயைப் பாதியிலேயே பெஞ்சில் வைத்துவிட்டு, "சரி சார்" என்று போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து எனக்கு ஞாபகம் வந்தது. அப்போதும் அவர் முகம் வரவில்லை, அந்த நாற்காலிதான் வந்தது. கேபின் வாசலில் கிடந்த மூன்று சீட் ஸ்டீல் நாற்காலி; நடு சீட்டில் ஒரு போல்ட் கிடையாது, உட்கார்ந்தால் ஆடும். அதில் ஒரு பையன் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் உட்காரப் பார்த்தது தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று தோன்றியபோது அவர் நம்பர் என்னிடம் இல்லை. இன்றுவரை இல்லை.

இதை என் பெருந்தன்மையைக் காட்டச் சொல்லவில்லை. உங்கள் மேனேஜரிடம் நீங்கள் போய் நின்றால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன கிடைக்கும் என்பதற்குச் சொல்கிறேன். ஒன்பது வருடம் ஒருவர் தினமும் சுமந்தது எனக்கு ஒரு திங்கட்கிழமை. அமெரிக்க உளவியலாளர் ராய் பௌமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 1990-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே ஆட்களிடம், தன்னை ஒருவர் கோபப்படுத்திய சம்பவத்தையும், தான் ஒருவரைக் கோபப்படுத்திய சம்பவத்தையும் எழுதச் சொன்னார்கள். கோபப்படுத்தியவனாக எழுதும்போது அது எப்போதோ நடந்து முடிந்த ஒற்றைச் சம்பவம், அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அடிபட்டவனாக எழுதும்போது அதே ஆளுக்கு அது நீண்ட கதை, இன்னும் முடியாத கதை. எழுதியவர்கள் நல்லவர்கள், கெட்டவர்கள் என்று இரண்டு கூட்டம் கிடையாது பாருங்கள். எந்தப் பக்கம் நிற்கிறோமோ அந்தப் பக்கத்துக் கதை வருகிறது.

ஆகவே உங்கள் மேனேஜர் "ஞாபகம் இல்லையே" என்று சொன்னால், அது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உண்மையாக இருந்தால் உங்களுக்கு இன்னும் வலிக்கும்.

இப்போது ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள்: அவர் வாயிலிருந்து எந்தச் சொல் வந்தால் உங்களுக்கு ஆறும்? பெரும்பாலும் "தப்புதான்பா" என்ற ஒரு சொல்லாக இருக்கும். அப்படியென்றால் நான்கு வருடம் பத்து மாதம் உங்கள் காலை நேரம் எப்படிப் போகும் என்பது அந்த ஆள் கையில் இருந்தது. இப்போது உங்கள் ராத்திரித் தூக்கத்தையும் நீங்களே கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கிறீர்கள். அவர் தரலாம், தராமலும் போகலாம். லீவு கேட்டு நின்ற அதே இடம்தான்.

"கொட்டித் தீர்த்தால் போதும், பதில் வேண்டாம்" என்று சொல்பவர்களும் உண்டு. அதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. பிராட் புஷ்மன் என்பவர் 2002-இல் வெளியிட்ட பரிசோதனையில், தங்களைக் கோபப்படுத்திய ஆளை நினைத்துக்கொண்டு மணல்மூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் அமைதியாக இருந்தார்கள். நம் ஊர் மீட்டிங் ஹாலில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். கத்தியவன் அன்று ராத்திரி தூங்கியதாகச் சொன்னதில்லை.

எழுதுவது வேறு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது: தினம் பதினைந்து நிமிடம், நான்கு நாள், மனதை உலுக்கிய சம்பவத்தையும் அதைப் பற்றி உள்ளுக்குள் இருப்பதையும் எழுத வேண்டும். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. நீங்களும் எழுதுங்கள். மேனேஜருக்கு எழுதுவதாகவே எழுதுங்கள், வார்ப்பின் எடை உட்பட. மொபைலில் மட்டும் வேண்டாம். கை தவறி அனுப்பிவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

சரி, அந்தப் பெரிய விஷயம். கிராஜுவிட்டி.

ஐந்து வருடம் முடியவில்லை, கிடையாது என்று அவர் சொன்னதும் நீங்கள் நம்பிவிட்டீர்கள். தவறில்லை, பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். நீங்கள் விலகியபோது நடப்பில் இருந்தது 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம். அதில் ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும் என்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் ‘ஒரு வருடம்’ என்பதற்கு அந்தச் சட்டமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது: பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும். இதை வைத்து, நான்கு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-லேயே சொல்லிவிட்டது. சம்பளத்தோடு கூடிய வார விடுமுறையும் அந்த 240-இல் சேரும். நீங்கள் ஐந்தாவது வருடத்தில் பத்து மாதம் இருந்திருக்கிறீர்கள். சம்பளமில்லா லீவு நிறைய எடுத்திருந்தால் தவிர, கணக்கு உங்கள் பக்கம்தான். எதிர்த் தரப்பு வக்கீல் வேறு உயர் நீதிமன்றங்களின் தீர்ப்பைக் காட்டலாம். காட்டட்டும், நீங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள்.

தொகை எவ்வளவு? கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு வருடமாகிவிடும், ஆகவே உங்களுக்கு ஐந்து. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 75,000 ரூபாய். நீங்கள் வேலையை விட்ட 30 நாளுக்குள் வந்திருக்க வேண்டிய பணம் அது. தாமதத்துக்கு வருடம் 10 சதவீதம் தனிவட்டி கேட்கலாம். இவ்வளவு நாள் கழித்தா என்று தயங்காதீர்கள். விண்ணப்பம் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கை செல்லாமல் போகாது என்று விதியிலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியது: கம்பெனி எச்.ஆருக்கு, தாமதத்துக்குக் காரணம் எழுதி, விண்ணப்பத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்; ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மறுத்தால் 90 நாளுக்குள் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டிக்கென்று இருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு. அங்கே வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். இந்தச் சட்டம் இப்போது பழசாகிவிட்டது, 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடப்புக்கு வந்துவிட்டன. ஆனால் உங்கள் உரிமை 2022-இல் பிறந்தது. அலுவலகத்தில் எந்தப் படிவம் என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இது அந்த மேனேஜர் மனது வைக்க வேண்டிய விஷயமே இல்லை. அவர் சொன்னது தவறு என்று ஒரு காகிதம் சொல்லும். அவர் சம்மதம் வேண்டாம், முகம் பார்க்க வேண்டாம். என் அனுபவத்தில், அந்தப் பணம் கணக்கில் ஏறிய பிறகு பலருக்கு நேரில் கேட்கும் ஆசையே பாதியாகிவிடுகிறது. காசு பெரிதென்று இல்லை. எழுத்தில் ஒரு தோல்வி அந்தப் பக்கம் பதிவாகிவிட்டதல்லவா.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வரி. உங்களுக்கு நடந்தது பாலியல் தொல்லை என்றால், அது ‘நேரில் கேட்கலாமா’ வகையே அல்ல. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் புகார். காரணம் காட்டினால், புகாரை விசாரிக்கும் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். வேலையை விட்டுவிட்டாலும் புகார் கொடுக்கலாம். காலம் கடந்தால் கதவு மூடிவிடும். மேற்கு வங்கத்தில் ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் மேல் வந்த புகார் அப்படித்தான் காலம் கடந்தது என்று தள்ளுபடியானது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கூடவே, இந்தத் தீர்ப்பை அந்தத் துணைவேந்தர் தன் பயோடேட்டாவில் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அபூர்வமான உத்தரவு, எல்லோருக்கும் வாய்க்காது. சாதியைச் சொல்லித் திட்டியிருந்தாலும் அப்படித்தான்: நல்ல வக்கீலைப் பாருங்கள், கல்யாண மண்டபத்தைப் பார்க்காதீர்கள்.

லிங்க்டின்னில் பெயர் போட்டு எழுதிவிடலாமா என்று அடுத்துத் தோன்றும். வேண்டாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு இன்னும் குற்றம்தான், இரண்டு வருடம்வரை சிறை. உண்மையைத்தானே சொன்னேன் என்பது மட்டும் போதாது, பொதுநலனுக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும். பழைய சகாக்கள் வாட்ஸ்அப் குரூப்பும் இதில் சேர்த்திதான். அதைவிடச் சின்ன கவலை ஒன்று: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எல்லா ஆடிட்டரும் எல்லா மேனேஜரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அடுத்த வேலைக்குப் பின்னணி விசாரிப்பவன் யாரிடம் போன் போடுவான் என்று சொல்ல முடியாது.

நேரில் கேட்டு நன்றாகவே முடிந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்த ஒரு பெண். பிரசவ விடுப்பில் இருந்த வருடம் அவர் ரேட்டிங்கைக் குறைத்து, இன்கிரிமென்ட்டை வெட்டியவர் ஒரு ஜெனரல் மேனேஜர். அவர் ரிட்டயர் ஆன பிறகு இந்தப் பெண் அவர் வீட்டுக்கே போனார். "நான் லீவுல இருந்தது பிள்ளை பெத்துக்க. அதுக்கு நீங்க ரேட்டிங் குறைச்சீங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றிருக்கிறார். அவர் ஒன்றும் பேசவில்லையாம். கொஞ்ச நேரம் கழித்து, "காபி சாப்பிடறியாம்மா?" என்று கேட்டாராம். இவரும் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

"என்ன கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். அவர் வீட்டு ஹால்ல ஒரு ஸ்விட்ச்போர்டு கழண்டு தொங்கிட்டிருந்தது, செலோடேப் போட்டு ஒட்டியிருந்தாங்க. பேசும்போது அதையேதான் பார்த்துட்டிருந்தேன். ஆபீஸ்ல இவர் வந்தா நாங்க எழுந்து நிப்போம்."

அவருக்கு அது ஏன் சரியாக முடிந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு சம்பவத்தைச் சொன்னார். பதில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைப் போலவே அந்த ஆளும் மேனேஜ்மென்ட் பிரஷர் என்று ஆரம்பித்திருப்பார்.

இப்போது உங்கள் காஞ்சிபுரம். எப்படி நடக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். நீங்கள் மனதில் ஓட்டிப்பார்த்த மாதிரி நடக்காது. மொய்க் கவரை வைத்துக்கொண்டு மேடை வரிசையில் நிற்பீர்கள், அல்லது பந்தியில் கை கழுவிவிட்டுத் திரும்புவீர்கள். அவர்தான் முதலில் பார்ப்பார். தோளில் ஒரு தட்டு. "டேய், எப்படிடா இருக்கே? பெரிய ஆளாயிட்டேன்னு கேள்விப்பட்டேன்! எல்லாம் நம்ம டிரெய்னிங்!" பக்கத்தில் நிற்பவர்களும் சிரிப்பார்கள். உங்கள் வாய், உங்களைக் கேட்காமலே, "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிடும். அந்த ‘சார்’தான் அன்று ராத்திரி உங்களை அரிக்கப்போகிறது. தூக்கம் கெடுவது அவரிடம் கேட்காததால் மட்டும் என்று நினைக்கிறீர்கள். அந்தச் சிரிப்பைத் திரும்பச் சிரித்ததால்தான் பாதி கெடும்.

அதற்கு மட்டும் தயாராகப் போங்கள். தோளில் கை விழுந்தால் ஒரு அடி பின்னால் நகருங்கள். கும்பிட வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். சொல்ல வேண்டியதை முன்பே கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகியிருங்கள்: "எங்கப்பா ஐசியூல இருந்தப்ப லீவு கேட்டேன். நீங்க தரல. அந்த வெள்ளிக்கிழமை அவர் போயிட்டார்." அவ்வளவுதான். மீட்டிங், வார்ப்பு, கிராஜுவிட்டி எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பட்டியலில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் வாதாடுவார். முக்கியமாக, கேள்வியாக முடிக்காதீர்கள். "ஏன் தரல?" என்று கேட்டால் அவருக்குப் பேச இடம் கொடுத்துவிட்டீர்கள். அவர் "ஆடிட் நேரம்பா அது" என்பார், நீங்கள் "இல்லையே" என்பீர்கள், குரல் ஏறும், பெண் வீட்டார் திரும்பிப் பார்ப்பார்கள். நாளைக்கு எல்லோரும் பேசப்போவது உங்கள் அப்பாவைப் பற்றி இருக்காது, கல்யாணத்தில் சண்டை போட்டவரைப் பற்றித்தான் இருக்கும். சொல்லிவிட்டு அங்கே நிற்காமல் நகர்ந்துவிடுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

மேடைக்குப் பக்கத்திலோ, மாப்பிள்ளை முன்னாலோ என்றால் அதுவும் வேண்டாம். தலையை மட்டும் அசைத்துவிட்டு வந்துவிடுங்கள். அது அந்தப் பையனுடைய நாள். அவர் உங்களைப் பார்க்கவே இல்லையென்றால், தேடிப் போகாதீர்கள்.

மனைவி வேண்டாம் என்பதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து வருடம் தினமும் ஒன்பது மணிக்கு எந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தீர்கள் என்று பார்த்தவர் அவர்தான். அந்த மூன்று வாக்கியத்தையும் முதலில் அவரிடம் சொல்லிக் காட்டுங்கள். கல்யாணத்துக்கும் கூட்டிப்போங்கள், பக்கத்தில் ஆள் இருந்தால் நாலாவது வாக்கியம் வராது.

விண்ணப்பம் எழுத உட்காரும்போது கடைசி மாதச் சம்பளச் சீட்டு கிடைக்கவில்லை என்றால், யுஏஎன், அதாவது உங்கள் பிஎஃப் எண்ணைப் போட்டு பிஎஃப் பாஸ்புக்கைப் பாருங்கள், மாதச் சம்பளம் அதில் இருக்கும். எல்லா மாதமும் 15,000 என்றே இருந்தால் ஏமாறாதீர்கள், அது பிஎஃப்புக்கான சம்பள உச்சவரம்பு அளவுக்கு மட்டும் கணக்கிட்டுக் கட்டியது. உங்கள் உண்மையான அடிப்படைச் சம்பளம் அப்பாயின்ட்மென்ட் லெட்டரிலோ கடைசி இன்கிரிமென்ட் லெட்டரிலோ இருக்கும். அதில் ஒரு நகல் இணையுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய வாரமே தபாலில் போட்டுவிட்டால் நல்லது.